மார்பகக் குறைப்பு ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது வாரம்: தையல் கொஞ்சம் திறந்திருக்கு, பீடித்தட்டு எப்போ எடுக்கலாம்?

ஆலங்குளத்துப் பொண்ணு:
எங்க மதினிக்கு 41 வயசு. தீராத கழுத்துவலி, தோள்ல பாடி வார் அழுத்தின பள்ளம், மாருக்கு அடியில ஆறாத வேர்வைப்புண்ணு. அதனால மார்பகத்தைக் குறைக்கிற ஆபரேஷன் பண்ணியாச்சு. டியூப் எல்லாம் எடுத்துட்டாவ, காய்ச்சல் இல்ல. ஆனா நேர்த்தையலும் அடிமடிப்புத் தையலும் சேருத இடத்துல பொட்டுக்கடலை அளவுக்கு வாய் திறந்து நீர் கசியுது. வீட்டுல மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போடச் சொல்லுதாவ. சீழ் பிடிக்கும்னு முட்டை, மீனையும் நிறுத்திட்டாவ. பீடி சுத்தித்தான் குடும்பம் ஓடுது. எப்போ திரும்ப உக்காரலாம்?

பாளை வார்டு நர்ஸ்:
தங்கச்சி, தையல் பிரியுததுன்னா பெரும்பாலும் அந்த முக்குலதான் பிரியும். மூணு பக்கத் தோலும் அங்கதான் இழுபடுது, ரத்த ஓட்டமும் அங்கதான் குறைவு. சின்னத் திறப்புன்னா திரும்பத் தைக்க மாட்டாங்க, டிரஸ்ஸிங்லயே சில வாரத்துல மூடிரும். ஆனா ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட இந்த வாரமே காட்டிருங்க.

அவர் வேற மாதிரி சொல்லாத வரைக்கும் இப்படிச் செய்யுங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, மெடிக்கல்ல கிடைக்கிற நார்மல் சலைன்ல காஸ் துணியை நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு, திறந்த இடத்துல மட்டும் வைங்க. சுத்தி இருக்கிற நல்ல தோல்ல ஈரம் பட்டுட்டே இருந்தா அதுவும் ஊறி வெளுத்துப் பிரிஞ்சிரும். மேல காய்ஞ்ச காஸ், அதுக்கு மேல பேப்பர் பிளாஸ்திரி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்தணும். பஞ்சு வேண்டாம், நார் புண்ணுல ஒட்டிக்கிடும். மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் கிட்டயே போகக்கூடாது. நம்ம ஊர் வெக்கையில மடிப்பு நனைஞ்சுகிட்டே இருக்கும். குளிச்சதும் ஒத்தி எடுத்துட்டு, ஃபேனுக்கு நேரா அஞ்சு நிமிஷம் இருந்துட்டு அப்புறமா பாடி போடட்டும். கம்பி இல்லாத, முன்பக்கம் கொக்கி வச்ச பருத்தி பாடி, ஆறு வாரம் வரைக்கும் ராத்திரியும் சேர்த்து. அடிப்பட்டை தையல்ல உரசுனா இடையில காஸ் மடிச்சு வைங்க.

சிவப்பு பரவினாலோ, நாத்தமோ சீழோ வந்தாலோ, காய்ச்சல் 100.4 தாண்டினாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கி விண்ணுன்னு இறுகினாலோ, காம்பு கருத்தாலோ விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. டாக்டர் கிடைக்கலன்னா பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போயிருங்க. மூச்சுத்திணறலோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலியோ இருந்தா 108தான்.

பிசியோ, தென்காசி:
தட்டை விட எனக்குக் கவலை குடம். நிறைஞ்ச பிளாஸ்டிக் குடம் 15 கிலோ வரும். ஆறு வாரத்துக்கு ரெண்டு கிலோவுக்கு மேல தூக்க வேண்டாம். துணி பிழியுதது, கொடியில எட்டிக் காயப்போடுதது, மாவாட்டுதது எல்லாம் அதுல அடங்கும். தலையை வேற யாராவது பின்னி விடுங்க.

பாயில படுத்தா எந்திரிக்கும்போது கையை ஊனி நெஞ்சுத் தசை இழுக்கும். கட்டில்ல முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்ஞ்சு படுக்கட்டும். எந்திரிக்கையில முழங்காலை மடக்கி, ஒருக்களிச்சு, காலைக் கீழ விட்டுட்டு நிமிரணும். பக்கத்துல இருக்கிறவங்க முதுகைத் தாங்குங்க, கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. தோளை மெதுவா உருட்டுத பயிற்சி இப்பவே செய்யலாம்.

பீடிக்கு உக்காரும்போது தட்டோட விளிம்பு அடிமடிப்புலயே இடிக்கும், குனிஞ்சா மடிப்பு வயித்துல ஒட்டி வேர்க்கும். அதனால புண்ணு முழுசா மூடி, ஆறு வாரமும் தாண்டின பிறகு, சுவத்துல சாய்ஞ்சு, தட்டைப் பலகை மேல உயர்த்தி வச்சு ஆரம்பிக்கலாம். அரைமணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடக்கணும்.

பாளை வார்டு நர்ஸ்:
ஒண்ணு சேர்த்துச் சொல்லணும். பீடித்தூள்ல இருக்கிற நிக்கோடின் தோல் வழியாவும் மூச்சு வழியாவும் உடம்புல ஏறும். அது சின்ன ரத்தக்குழாயைச் சுருக்கும். காம்புக்கும் அந்த முக்குக்கும் ரத்தம் போறதே அந்தக் குழாய் வழியாத்தான். வெத்தலையோட புகையிலை போடுற பழக்கம் இருந்தா அதையும் நிறுத்தணும். வீட்டுல மத்தவங்க சுத்தினாலும் மதினி படுக்கிற அறையில வேண்டாம்.

முட்டை, மீனை நிறுத்தினது தப்பு. புதுத் தோல் வளர புரதம் வேணும். 60 கிலோ எடைன்னா ஒரு நாளைக்கு 70 கிராமாவது போகணும். ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு, அதனால மீன், பருப்பு, தயிர்னு பிரிச்சுக் கொடுங்க. உளுந்தங்களி நல்லது, சுகர் இருந்தா கருப்புக்கட்டி சேர்க்காதீங்க.

ஆலங்குளத்துப் பொண்ணு:
ரொம்ப நன்றிக்கா. இன்னும் ரெண்டு கேள்வி. காம்புல உணர்ச்சியே இல்லங்காவ. சீசனுக்குக் குத்தாலம் கூட்டிட்டுப் போகலாமா?

பாளை வார்டு நர்ஸ்:
மரத்துப் போறது சகஜம். திரும்ப ஆறு மாசம், ஒரு வருஷம்கூட ஆகும். சிலருக்கு முழுசா வராது. அதுவரை வெந்நீர் ஒத்தடம், ஐஸ் எதுவும் அங்க வைக்காதீங்க, சுட்டாலும் அவங்களுக்குத் தெரியாது. அருவித்தண்ணி நெஞ்சுல அடிக்கிறது மூணு மாசத்துக்கு வேண்டாம், ஆத்துக்குளியலும் புண்ணு மூடுற வரைக்கும் கூடாது. தழும்புக்கு சிலிகான் ஜெல்லும் புண்ணு மூடின பிறகுதான். எடுத்த சதையோட பயாப்சி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி பத்திரமா வைங்க. பின்னால கட்டி மாதிரி தட்டுப்பட்டா, அது செத்த கொழுப்பாவும் இருக்கலாம், ஆனாலும் ஸ்கேன் பார்க்காம விடாதீங்க. பார்க்கிற டாக்டர் அந்த ரிப்போர்ட்டைத்தான் முதல்ல கேப்பாங்க.