மீன்பிடித் தடைக்காலத்தில் கட்டி வைத்த போட்டில் ஒரு பேட்டரி மட்டும் இறங்கிவிடுகிறது, என்ன காரணம்?

கடுவையாறு:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்கள் விசைப்படகு மரப் போட்டு. ஏப்ரல் 14 இரவே கடுவையாற்றில் கொண்டுவந்து கட்டிவிட்டோம். ஜூன் 14 வரை 61 நாள் தடை. நேற்றோடு ஒரு மாதம் ஆகிறதே, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி வைக்கலாம் என்று அப்பா சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வீல் ஹவுஸ் லைட்டும் மங்கிவிட்டது.

24 வோல்ட் சிஸ்டம். 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தது. இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்று 12.5 வோல்ட், மற்றொன்று 11.4. போன வருடமும் இப்படியேதான் ஆனது. பேட்டரி சரியில்லை என்று கடையில் சண்டை போட்டு, கடைசியில் எங்கள் காசில் இரண்டையும் மாற்றினோம். ஜிபிஎஸ், எக்கோ (ஆழம் காட்டும் கருவி), வயர்லெஸ், ஸ்டீரியோ எல்லாவற்றையும் நானே ஆஃப் செய்துவிட்டுத்தான் இறங்கினேன். தொழில் இல்லாத மாதம், இன்னொரு முறை பேட்டரி வாங்க முடியாது. வழி சொல்லுங்கள்.

மண்டபம் கரை:
நாங்கள் போட்டைக் கட்டியதும் பேட்டரி வயரைக் கழற்றிவிடுவோம் தம்பி. முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

கடுவையாறு:
கழற்றலாம் அண்ணே, ஆனால் காற்றாடியைச் சுற்றும் ஷாப்ட் வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது. மிதவை ஸ்விட்ச் போட்ட பம்பு தானாக ஓடி இறைக்கும். அதை நிறுத்திவிட்டு வீட்டில் தூங்க முடியாது.

டீசல் மெக்கானிக்:
தம்பி, இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். ஒன்று மட்டும் இறங்கியிருப்பதால் ஒரு கேள்வி. ஸ்டார்ட்டர் 24 வோல்ட். ஸ்டீரியோ, போன் சார்ஜர், பம்பு இதெல்லாம் 12 வோல்ட். அந்த 12 வோல்ட்டை எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள்? பேட்டரிப் பெட்டியைத் திறந்து, இரண்டு பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற இணைப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடுவையாறு:
பார்த்தேன் அண்ணே. நடு இணைப்பில் சிவப்பு வயர் மூன்று சுற்றியிருக்கிறது, மேலே இன்சுலேஷன் டேப். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது. ஒன்று ஸ்டீரியோவுக்கும் சார்ஜருக்கும், ஒன்று எக்கோவுக்கு, ஒன்று பம்புக்கு. மூன்றுமே அந்த 11.4 பேட்டரியிலிருந்துதான் போகின்றன.

டீசல் மெக்கானிக்:
அப்படியென்றால் கடைக்காரர் மீது தப்பில்லை. எத்தனையோ போட்டில் இதைப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது. 12 வோல்ட் சாமான் எல்லாம் ஒரே பேட்டரியைத் தின்னும். ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்து 24-ஆக ஏற்றும். நிறைந்த பேட்டரிக்கு மேலும் மேலும் ஏறி அதன் தண்ணீர் வற்றும், குறைந்தது எப்போதும் குறையாகவே கிடக்கும். கடைசியில் இரண்டும் போய்விடும்.

ஆஃப் செய்தேன் என்கிறீர்கள். பட்டனை அமுக்கினால் திரை அணையும், உள்ளே கரண்ட் ஓடுவது நிற்காது. அளந்து பாருங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் மாட்டுங்கள். கீழ்ப் பேட்டரியின், அதாவது அந்த 11.4 பேட்டரியின், நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவில் மீட்டர் வர வேண்டும். அந்த நேரத்தில் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டர் ப்யூஸ் போய்விடும். அளவு தெரிந்ததும் ஒவ்வொரு சாமானாக ப்யூஸைப் பிடுங்கி, எதில் எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள்.

கடுவையாறு:
எழுதியிருக்கிறேன். பம்பு ஓடாதபோது மொத்தம் 0.18 ஆம்பியர். ஸ்டீரியோ ப்யூஸைப் பிடுங்கினால் 0.05. வோல்ட் காட்டும் போன் சார்ஜரைக் கழற்றினால் 0.02. எக்கோவையும் எடுத்தால் சுழி. ஸ்டீரியோ இவ்வளவு இழுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

டீசல் மெக்கானிக்:
ஸ்டீரியோவின் பின்னால் மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் சேர்த்து முறுக்கியிருக்கிறதா பாருங்கள். மஞ்சள் நினைவுக்கு, எப்போதும் கரண்ட் இருக்கும். சிவப்பு ஸ்விட்ச் வழியாக வர வேண்டியது. இரண்டையும் சேர்த்துவிட்டால் சில செட் முழுதாகத் தூங்காது.

0.18 என்றால் அற்பமாகத் தெரியும். 24 மணி நேரத்துக்கு 4.3 ஏ.எச். முப்பது நாளில் 130 ஏ.எச். உங்கள் பேட்டரியே 150தான். மே மாத வெயிலில் அது தானாகவும் கொஞ்சம் இறங்கும். 61 நாள் விட்டிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பழையாறு வாசகர்:
இன்னொன்றும் பாருங்கள். பேட்டரி மேல்மூடியில் உப்பும் ஆசிட் ஈரமும் படிந்தாலே கரண்ட் கசியும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை நெகட்டிவில் வையுங்கள், சிவப்பு முனையை மூடியின் பிளாஸ்டிக்கில் இழுங்கள். எங்கள் போட்டில் வெறும் பிளாஸ்டிக்கிலேயே 3 வோல்ட் காட்டியது. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன், துளைகளுக்குள் போகாமல். காய்ந்த பிறகு காட்டவில்லை. முனைகளில் வாசலின் தடவிவிடுங்கள்.

கடுவையாறு:
மஞ்சளும் சிவப்பும் சேர்த்துத்தான் முறுக்கியிருக்கிறது அண்ணே. இப்போது பம்பை என்ன செய்வது? இறங்கிய பேட்டரி பிழைக்குமா?

டீசல் மெக்கானிக்:
பம்புக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வையுங்கள். போன வருடம் கழற்றியதில் நல்லது ஏதாவது இருந்தால் அதுவே போதும். பம்புக்கு ஏற்ற ப்யூஸ் ஒன்று, மேலே 20 வாட் சோலார் பலகை, நடுவில் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் சார்ஜ் கன்ட்ரோலர். கன்ட்ரோலரை விட்டுவிட்டு நேராகக் கொடுக்காதீர்கள். பம்பு 3 ஆம்பியர் இழுத்துத் தினம் பத்து நிமிடம் ஓடினாலும் அரை ஏ.எச்.தான், சோலார் அதைத் தாங்கும். ஆனால் பேட்டரியை நம்பி ஷாப்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் பேக்கிங்கை மறந்துவிடாதீர்கள், சொட்டு கூடினால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய பேட்டரி இரண்டுக்கும் ஒரு மெயின் ஸ்விட்ச் போட்டு, கரைக்கு இறங்கும்போது திருப்பிவிடுங்கள். ஸ்டீரியோ, எக்கோ, சார்ஜருக்கு 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வர்டர் வாங்குங்கள். அது மெயின் ஸ்விட்சுக்கு அப்புறம் வர வேண்டும், ஏனென்றால் கன்வர்டரும் சும்மா இருக்கும்போது கொஞ்சம் குடிக்கும். நடு இணைப்பில் இனி ஒரு வயர்கூட இருக்கக் கூடாது.

இறங்கிய பேட்டரியை இன்றே கரைக்கு எடுத்துப் போங்கள். தனியாக, மெதுவாக, 10 ஆம்பியருக்குள் ஏற்றுங்கள். காற்றோட்டமான இடம், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. தகடு தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர், மீதியை ஏறி முடிந்த பிறகு. அப்புறம் ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறையையும் பாருங்கள். எல்லாம் 1.250-ஐத் தாண்டி ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் பிழைத்தது. ஒரு அறை மட்டும் ஐம்பது புள்ளி (0.050) கீழே கிடந்தால் அது போய்விட்டது.

கடுவையாறு:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஐந்து அறை 1.255-க்கு மேல் ஏறியது, ஒன்று 1.240. இரண்டையும் மாட்டி மெயின் ஸ்விட்சை ஆஃபில் வைத்தேன். இன்று காலை 12.6, 12.6. பம்பு அதன் பேட்டரியில் ஓடுகிறது. அப்பா சாவியைத் திருப்பினார், முதல் தடவையிலேயே இஞ்சின் பிடித்தது. கன்வர்டர் இன்னும் வாங்கவில்லை. தடை முடிவதற்குள் மாட்டிவிட்டு, வயர் போன வழியைப் படம் வரைந்து போடுகிறேன் அண்ணே, தப்பு இருந்தால் திருத்துங்கள்.