நிலப்பட லைக்கனின் அகலத்தைக் கொண்டு பாறை வெளிப்பட்ட ஆண்டைக் கணக்கிட முடியுமா?

கேள்வி:
ஆஸ்திரிய ஆல்ப்ஸில் பனியாறு பின்வாங்கிய பள்ளத்தாக்கு ஒன்றில், ரைசோகார்ப்பன் ஜியாகிராஃபிக்கம் என்னும் நிலப்பட லைக்கன் பாறையோடு பாறையாக ஒட்டிப் படர்ந்திருப்பதைக் கண்டேன். மஞ்சள்பச்சைத் திட்டுகளுக்கு நடுவே கரிய கோடுகள் ஓடுகின்றன. ஒரு பாறையில் அது இரண்டு கை அகலத்துக்கு இருந்தது. அந்த அகலத்தை ஆண்டு வளர்ச்சியால் வகுத்தால், பனி விலகிய ஆண்டு கிடைக்குமா?

மறுமொழி 1:
முதலில் அந்தக் கோடுகளைக் கவனியுங்கள். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர். மஞ்சள்பச்சைத் திட்டுகளுக்குள் பாசி இருக்கிறது, விளிம்பிலுள்ள கரிய பட்டையிலோ பாசி இல்லாத பூஞ்சை இழைகள் மட்டுமே உள்ளன. இரண்டு லைக்கன்கள் வளர்ந்து முட்டிக்கொள்ளும் இடத்தில் இந்தப் பட்டையே எல்லைக்கோடாக நிற்கும். ஆகவே நீங்கள் பார்த்த இரண்டு கை அகலப் படர்வு, பெரும்பாலும் பல தனி லைக்கன்களின் கூட்டமாகத்தான் இருக்கும். மொத்த அகலத்தை அளந்தால் வயது பன்மடங்கு மிகைப்பட்டுவிடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. இந்த முறையை 1950-இல் வளர்த்தெடுத்தவர் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரோலண்ட் பெஷல். ஆல்ப்ஸின் பனியாற்றுப் படிவுகளுக்கு வயது காண்பதே அவருடைய நோக்கம். பிற லைக்கன்களோடு கலக்காமல் ஏறக்குறைய வட்டமாக வளர்ந்த மிகப் பெரிய லைக்கனைத் தேடி அளக்க வேண்டும். ஆனால் வெறும் வகுத்தல் போதாது. பாறை வெளிப்பட்ட உடனே லைக்கன் முளைப்பதில்லை, சில ஆண்டுகளிலிருந்து சில பத்தாண்டுகள் வரை பிடிக்கலாம். அதன் பிறகும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வளர்ச்சி, இளமையில் சற்று வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நடக்கிறது. ஈரமும் குளிரும் இடத்துக்கு இடம் மாறுவதால், நார்வேயின் கணக்கை ஆல்ப்ஸில் பொருத்துவது என் பார்வையில் வீண்வேலை. கிடைக்கும் எண்ணும் பாறையின் குறைந்தபட்ச வயதையே காட்டும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் அந்த ஊருக்குரிய வளர்ச்சிக் கணக்கை எதிலிருந்து பெறுவது?

மறுமொழி 2:
ஆண்டு தெரிந்த கற்பரப்புகளிலிருந்து: பழைய கல்லறைக் கற்கள், பாலங்கள், பனியாற்றின் முகப்பு எங்கே இருந்தது என்று பதிவான இடங்கள். கல்லறைக் கல் சுண்ணாம்புக்கல்லாகவோ பளிங்காகவோ இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த லைக்கன் சிலிக்கா மிகுந்த கிரானைட் போன்ற பாறைகளில்தான் வளரும்.