எதிர் வீட்டு எண்கோணக் கண்ணாடி: என்ன செய்யலாம்?

வணக்கம். சிங்கப்பூரில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். போன வாரம் எதிர் வீட்டு வாசலுக்கு மேல் சீனர்களின் பாகுவா கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். எட்டு மூலை, சுற்றிலும் மூன்று மூன்றாகக் கோடுகள், நடுவில் உள்ளங்கை அளவு வட்டக் கண்ணாடி. கதவைத் திறந்தால் எங்கள் மாவிலைத் தோரணம் அதில் தெரிகிறது.

கெட்டதைத் திருப்பி அனுப்பத்தான் அதை மாட்டுவார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. எனக்கோ, பத்து வருஷமாகப் பலகாரம் கொடுத்து வாங்கும் அந்த எதிர் வீட்டு ஆன்ட்டி மனம் நோகக் கூடாது. எங்களை நினைத்து மாட்டியிருக்க மாட்டார். இரண்டு வாசல் நேருக்கு நேர் இருப்பதே ஃபெங் சுய்யில், அதாவது சீன வாஸ்துவில், ஆகாதாம்.

பதிலுக்கு நாமும் ஒன்று மாட்டலாம் என்கிறார் மாமா. அது சண்டையில்தான் முடியும். செடி வைக்கலாம் என்றால் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், எங்களுடையது குறுகல்.

ஃபெங் சுய் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: கதவுக்கு உள்பக்கம் ஒரு தடுப்பு வைத்தால் போதுமா? பூஜை மாடம் அங்கேதான் இருக்கிறது, நகர்த்த அம்மா சம்மதிக்க மாட்டார். இதே நிலையில் எதிர் வீட்டாரிடம் பேசியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள்?