டோடோ பெயர்ப்பலகை: எந்தக் குடும்பம் என்று எழுதுவது?

கேள்வி (ஏற்காடு, ஆசிரியர்):
பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, அழிந்துபோன பறக்காத பறவையான டோடோவின் உருவம் செய்கிறோம். ஒரு நூலில் ராஃபிடே என்ற தனிக் குடும்பம், இன்னொன்றில் புறாக் குடும்பம். எதை எழுதணும்? பக்கத்தில் ரீயூனியன் தீவு வெள்ளை டோடோவையும் வைக்கலாமா?

பதில் 1:
புறாக் குடும்பம்தாங்க, கொலம்பிடே. வரிசை கொலம்பிஃபார்மிஸ், இனம் ராஃபஸ் குகுல்லாட்டஸ். 1842-லேயே ரைன்ஹார்ட் என்ற விலங்கியலாளர் டோடோ மண்டையோட்டைப் பார்த்துப் புறா என்றார், யாரும் எளிதில் ஏற்கவில்லை. 1848-ல் ஸ்டிரிக்லண்ட், மெல்வில் என்ற இரு ஆய்வாளர்கள் ஆக்ஸ்ஃபர்டில் இருக்கும் டோடோ தலையை ஆராய்ந்து அதையே சொன்னார்கள். 2002-ல் வந்த டிஎன்ஏ ஆய்வில், உயிரோடிருக்கும் புறாக்களில் டோடோவுக்கு நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா என்று தெரிந்தது. அது நம்ம நிக்கோபார் தீவுகளில் இருக்கிற பறவைதான்! மற்ற புறாக்களைவிட அது டோடோவுக்கு நெருக்கம். டோடோவை மட்டும் ராஃபிடே என்று பிரித்துவிட்டு நிக்கோபார் புறாவைப் புறாவாகவே விட்டால் வகைப்பாடு நிற்காது. பழைய நூல்கள் உடம்பின் தோற்றத்தை வைத்துப் பிரித்தவை.

பதில் 2:
ராஃபஸ் குகுல்லாட்டஸ் என்ற அறிவியல் பெயரை எழுதும்போது கவனம். கையால் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு, ஒரே நீளக் கோடு கூடாது. பின்னால் (லின்னேயஸ், 1758) என்று அடைப்புக்குறியோடு வரணும். லின்னேயஸ்தான் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர்; அவர் முதலில் வைத்தது தீக்கோழியின் பேரினமான ஸ்ட்ரூதியோவில். பேரினம் மாறியதற்கு அடையாளம்தான் அந்த அடைப்புக்குறி. டைடஸ் இனெப்டஸ் என்பது அவரே 1766-ல் வைத்த பெயர். 1758 பெயர் முந்தியது என்பதால் இந்த 1766 பெயர் செல்லாது.

பதில் 3:
வெள்ளை டோடோ வேண்டாங்க. ரீயூனியனில் டோடோ எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது அரிவாள் மூக்கன் எலும்பு. நம்ம ஏரிக்கரையில் மேயும் வெள்ளை அரிவாள் மூக்கனின் பேரினமேதான், த்ரெஸ்கியோர்னிஸ். டோடோவுக்குத் துணையாக ஒன்று வேணும்னா ரோட்ரிகஸ் தீவில் வாழ்ந்து அழிந்த ரோட்ரிகஸ் சாலிடேர் பறவையை வையுங்க, அதுதான் உண்மையான உடன்பிறப்பு.

அலகுக்கு வர்ணம் பூசுமுன் ஒரு மாடப்புறாவைக் கிட்டப் போய்ப் பாருங்க. மூக்குத்துளைப் பக்கம் மெத்தென்ற தோல், நுனி மட்டும் கெட்டிக் கொம்பு. டோடோவுக்கும் அதே அமைப்பு, நுனி மட்டும் கொக்கியாகப் பெருத்து வளைந்திருக்கும். பலர் அலகு முழுக்க ஒரே பளபளப்பாகப் பூசிவிடுகிறார்கள், புறா ஜாடையே போய்விடும். நுனிக்கு மட்டும் வார்னிஷ், மீதிக்கு மங்கல் வர்ணம். காலில் முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று.