தரங்கம்பாடி பழைய வீட்டுக்கு ஒரே கடலோரச் சாயல் வர என்ன செய்யலாம்?

கேள்வி:
தாத்தா கட்டிய ஓட்டு வீடு. முற்றம், நான்கு தேக்குத் தூண்கள், சுண்ணாம்புச் சுவர். கூடம் பச்சை, படுக்கையறை ரோஸ், திண்ணை மஞ்சள் என்று இடத்துக்கொரு நிறம். கடல் ஐந்து நிமிட நடைதான். உள்ளே நுழைந்ததும் கடற்கரை ஊர் வீடு என்று தெரிய வேண்டும். எங்கே தொடங்கட்டும்?

பதில் 1:
சுவரில் தொடங்குங்கள். நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தோம். ஈரம் வெளியேற வழியில்லாமல், இரண்டே மழைக்காலத்தில் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அப்புறம் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, நீர்த்த சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்தோம். அந்த வெள்ளையே எல்லா அறைகளையும் ஒன்றாக்கிவிட்டது. கதவு, ஜன்னலுக்கு மட்டும் ஒரே கடல் நீலம்.

பதில் 2:
சிப்பியும் நங்கூர பொம்மையும் வாங்கி அடுக்காதீர்கள், அண்ணா. பத்தமடைக் கோரைப் பாய், பிரம்பு நாற்காலி, வெள்ளைப் பருத்தித் திரை போதும். உப்புக் காற்றில் இரும்புக் கீல் துருப்பிடிக்கும், பித்தளை போடுங்கள். தேக்குத் தூணுக்குப் பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.

கேட்டவர்:
சரி, மழை விட்டதும் தை மாதம் கூடத்தைச் சுரண்டத் தொடங்குகிறேன். ரோஸ் அறை அம்மாவுடையது. அவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன்.