அம்மாவை அழைக்கச் சாதாரண விசாவா, சுப்பர் விசாவா?

சாவகச்சேரியான்:

அனைவருக்கும் வணக்கம். நான் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் ஸ்காபரோவில் வசிக்கும் கனேடியக் குடியுரிமையாளன். அப்பா காலமான பிறகு, 71 வயதான அம்மா சாவகச்சேரியில் எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறார். அவருக்குச் சலரோகமும் இரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரைகளால் இரண்டும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் திட்டத்தில் 2020இல் விருப்பப் படிவம் அனுப்பியவர்களையே 2025 வரையிலும் தெரிவு செய்தார்கள். 2020இல் நான் அனுப்பவில்லை என்பதால் அந்த வழி எனக்கு இல்லை. ஆகவே, பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சுப்பர் விசாவுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தேன். ஆனால் அதற்கான மருத்துவக் காப்புறுதிக்குக் கேட்கும் தொகையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. சாதாரண வருகையாளர் விசாவில் அழைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீடித்துக்கொள்ளலாம் என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மார்க்கம்வாசி:

தம்பி, உறவினர் சொல்வது பிழையல்ல. ஆனால் நீங்கள் காப்புறுதியை விசாவுக்கான செலவாகப் பார்க்கிறீர்கள் போலத் தெரிகிறது. எந்த விசாவில் வந்தாலும் அம்மாவுக்கு ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) கிடையாது. நெஞ்சுவலி என்று ஓர் இரவு வைத்தியசாலையில் வைத்திருந்தாலே முழுத் தொகையையும் நீங்கள்தான் கட்ட வேண்டிவரும். சுப்பர் விசா கட்டாயப்படுத்துகின்ற காப்புறுதியைச் சாதாரண விசாவில் வருகின்ற 71 வயதுத் தாய்க்கு எடுக்காமல் விடுவீர்களா என்பதை முதலில் யோசியுங்கள்.

விதி இதுதான்: நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும், குறைந்தது 1,00,000 டொலர் வரை ஈடு தரும் காப்புறுதி வேண்டும். விலை விசாரித்த கடிதம் மட்டும் போதாது. முற்பணமாவது கட்டியிருக்க வேண்டும், மீதியைத் தவணையில் செலுத்தலாம். விசா மறுக்கப்பட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, பயணம் தள்ளிப்போனால் தொடக்கத் திகதியை மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட முக்கியமானது, ஏற்கனவே உள்ள நோய்கள் பற்றிய நிபந்தனை. பல ஒப்பந்தங்களில், காப்புறுதி தொடங்குவதற்கு முந்தைய 90 நாட்களோ 180 நாட்களோ நோய் ‘மாற்றமின்றி’ இருந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து வைத்தியர் அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டினால் மட்டுமல்ல, குறைத்தாலும் அதை மாற்றமாகவே பெரும்பாலான நிறுவனங்கள் கொள்ளும். எனவே விலை குறைந்தது எது என்று முகவரிடம் கேட்பதை விட, சலரோகமும் அழுத்தமும் ஈட்டுக்குள் வருகின்றனவா என்று கேளுங்கள். நோயை மறைத்து எடுத்த காப்புறுதி, பணம் கேட்கும் நாளில் வெறும் கடதாசிதான். வழமையான பரிசோதனையையும் மாதாந்த மாத்திரைகளையும் அது பொதுவாக ஏற்காது; சில மாதங்களுக்கான மருந்தை வைத்தியரின் சிட்டையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

டொன்மில்ஸ் அக்கா:

நான் சற்று மாறுபடுகிறேன். அம்மா இதுவரை கனடாவுக்கு வந்ததே இல்லையென்றால், முதல் தடவை சாதாரண விசாவே போதும் என்பது என் எண்ணம். சுப்பர் விசாவில் ஒரு நுழைவுக்கு ஐந்து வருடம் வரை தங்கலாம் (2022 யூலைக்கு முன் இரண்டு வருடமாக இருந்தது), உள்ளே இருந்தபடியே மேலும் இரண்டு வருடம் கேட்கவும் முடியும். ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கும் நீங்கள் வேலைக்கும் போன பிறகு, தை மாதக் குளிரில் பதினேழாம் மாடியில் தனியாக இருக்க அவர் விரும்புவாரா என்பது எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி. என் மாமியார் ஒரு மாரியோடு ‘கோயிலடிக்குப் போக வேணும்’ என்று புறப்பட்டுவிட்டார். வைகாசியில் வந்து ஐப்பசியில் திரும்பினால் காப்புறுதியும் அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் எடுக்கலாம். ஒன்று மட்டும்: நீடிப்பதாக இருந்தால், தங்கும் காலம் முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

மார்க்கம்வாசி:

அக்கா சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் தம்பியின் அம்மா அங்கே தனியாக இருப்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீடிப்பின் முடிவுக்காகக் காத்திருப்பது நெடுநாளுக்குச் சரிவராது. வந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பதென்றால் அது வேறு கதை. சுப்பர் விசாவுக்குக் கனடாவுக்கு வெளியிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

வல்வெட்டித்துறை மைந்தன்:

ஆவணங்கள் பற்றி இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். உறவை நிரூபிப்பது உங்கள் பிறப்புச் சான்றிதழ். அதில் அம்மாவின் பெயர் தகப்பன் பெயரோடும், கடவுச்சீட்டில் கணவர் பெயரோடும் இருப்பது நம்மவர்களிடையே வழமை. விவாகப் பதிவுச் சான்றிதழையும், எழுத்துகளில் வேறுபாடு இருந்தால் ஒரு சத்தியக்கடதாசியையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்துவிடுங்கள். அடுத்தது, சுப்பர் விசாவும் தற்காலிக விசாதான். அவர் திரும்பிப் போவார் என்று அதிகாரி நம்ப வேண்டும் என்பதால், வீட்டுக் காணி உறுதி, ஓய்வூதியம், அங்குள்ள மற்றப் பிள்ளைகள் பற்றிய விபரம் ஆகியவற்றை இணையுங்கள். சுப்பர் விசாவுக்கான குடிவரவு மருத்துவப் பரிசோதனையைக் குடிவரவுத் திணைக்களம் அங்கீகரித்த வைத்தியரிடம் மட்டுமே செய்யலாம். குடும்ப வைத்தியரின் அறிக்கை அதற்கு ஈடாகாது.

சாவகச்சேரியான்:

மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். சுப்பர் விசாவுக்கு அழைப்பவர் காட்ட வேண்டிய குறைந்தபட்ச வருமானக் கணக்கில் எங்கள் குடும்பம் நான்கு பேரா, ஐந்து பேரா? என் சம்பளம் மட்டும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

மார்க்கம்வாசி:

ஐந்து பேர், வரப்போகும் அம்மாவும் கணக்கில் சேர்வார். முன்பு நீங்கள் யாரையாவது ஸ்பொன்சர் செய்து, அந்தப் பொறுப்புக் காலம் முடியாமல் இருந்தால் அவரையும் கூட்ட வேண்டும். பெற்றோருக்கு அது கியூபெக்குக்கு வெளியே 20 வருடம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வருமான எல்லை ஆண்டுதோறும் மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உள்ள அட்டவணையையே பாருங்கள். உங்கள் மனைவி வேலை செய்கிறாரென்றால் அழைப்புக் கடிதத்தில் அவரும் கையொப்பமிடலாம். அப்போது இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். இருவரது வரி மதிப்பீட்டு அறிவித்தல்களையும் வேலைக் கடிதங்களையும் இணைத்துவிடுங்கள்.