தமிழ் பேசுபவரின் ஆங்கிலம்: எந்தப் பிழையை முதலில் திருத்துவது? (அனுபவப் பகிர்வு)

எழுவாய்:

ஆங்கிலம் கற்பிப்பவர்களும், வேறு நாட்டுக்காரர்களோடு ஆங்கிலத்தில் வேலை பார்ப்பவர்களும் அவரவர் துறையில் கண்டதை இங்கே எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: "இலக்கணம் முக்கியம்", "பேசப் பேச வந்துவிடும்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்த வாக்கியம், எங்கே பிசகுகிறது, ஏன் பிசகுகிறது என்பது வேண்டும்.

முதலில் பள்ளி நோட்டுகளைப் பற்றி. சிவப்பு மை அதிகம் விழுவது 'ஹி கோ' என்று எழுதியதை 'ஹி கோஸ்' என்று திருத்துவதில். அந்த 'ஸ்' விடுபட்டால் பொருள் ஒன்றும் கெடுவதில்லை, ஏனென்றால் 'ஹி' என்ற சொல்லே ஆளைச் சொல்லிவிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசிய பேச்சை வியன்னா பல்கலைக்கழகத்தில் பத்து லட்சம் சொற்கள் அளவுக்குத் தொகுத்திருக்கிறார்கள். அதை முன்னெடுத்த பார்பரா சைடுல்ஹோஃபர் சொன்னதும் இதைத்தான்: இந்த 'ஸ்' போவதால் பேச்சு முறிவதில்லை.

ஆனால் அதே நோட்டில் மை படாமல் தப்பிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: 'ஹி டோல்ட் தட் ஐ வில் கம்'.

எழுதியவர் மனதில் இருப்பது 'நான் வருவேன்னு அவன் சொன்னான்'. தமிழில் 'என்று' வந்தால் சொன்னவரின் வாய்மொழி அப்படியே உள்ளே உட்காரும். அந்த 'நான்' அவனாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் அந்த 'ஐ' இப்போது பேசுகிறவரை மட்டுமே குறிக்கும். வரப்போவது அவன் என்று நீங்கள் நினைக்க, கேட்பவர் உங்களை எதிர்பார்த்துக் காத்திருப்பார். தனியாகப் பார்த்தால் வாக்கியத்தில் 'டோல்ட்' என்பதற்குப் பிறகு ஓர் ஆள் இல்லை என்பதைத் தவிர வேறு குறை தெரியாது. அதனால்தான் ஆசிரியர் கண்ணுக்கும் தப்புகிறது.

திருத்தும் வழி: மூன்று மாணவர்களை நிற்க வைக்க வேண்டும். முதலாமவர் மூன்று வாக்கியம் சொல்வார். அதில் 'ஐ', 'யூ', 'மை' கட்டாயம் வர வேண்டும். இரண்டாமவர் அதை மூன்றாமவரிடம் சொல்ல வேண்டும். மூன்றாமவர் தமிழில் யார், யாரிடம், என்ன என்று விளக்க வேண்டும். பிரதிப்பெயர் தவறினால் அங்கேயே தெரிந்துவிடும். 'வில்' என்பது 'வுட்' ஆக மாற வேண்டும் என்ற விதியை இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம். 'ஹி செட் ஹி வில் கம்' என்றாலும் உலகம் முழுக்கப் புரியும். இரண்டையும் சேர்த்து நடத்தும்போதுதான் பிள்ளைகள் காலத்தை மாற்றிவிட்டு ஆளை மாற்ற மறக்கிறார்கள்.

அடுத்தது 'யெஸ்', 'நோ'. 'டிடன்ட் யூ ரிசீவ் த ஃபைல்?' என்று கேட்டால் நம் ஆள் 'யெஸ்' என்கிறார். 'வரலையா?' 'ஆமா, வரலை' என்பது தமிழ் வழக்கம். கேள்வியோடு ஒத்துப்போவதை 'ஆமாம்' என்கிறோம். ஆங்கிலத்தில் பதில் நடந்த செய்தியோடு ஒத்துப்போக வேண்டும். வரவில்லை என்றால் 'நோ'தான். தொலைபேசியில் இதனால் கோப்பு வந்துவிட்டதாகவே எதிர்முனையில் எண்ணிக்கொள்வார்கள்.

கடலோடி:

எழுவாய் சொன்ன 'யெஸ்' சிக்கலுக்குக் கப்பலில் எழுதிவைத்த விதியே இருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட கடல் தொடர்புச் சொற்றொடர் தொகுப்பில், பதில் 'யெஸ்' என்றால் அதோடு முழு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'நோ' என்றாலும் அப்படியே. 'நோ, ஐ டிட் நாட் ரிசீவ் த ஃபைல்' என்று முடித்துவிட்டால் எந்த நாட்டுக்காரருக்கும் குழப்பமில்லை. இது தமிழர்களுக்கு மட்டும் உரிய தொல்லை இல்லை. ஜப்பானிய, கொரிய மொழிகளிலும் 'ஆமாம்' நம்மைப் போலவே வேலை செய்கிறது.

அந்தத் தொகுப்பில் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் எடுத்துக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது. 'மே', 'மைட்', 'குட்', 'ஷுட்', 'கேன்' போன்ற துணைவினைகளில் ஜாக்கிரதை வேண்டும் என்கிறது. 'மே ஐ என்டர் த ஃபேர்வே?' (ஃபேர்வே என்பது கப்பல் செல்லும் நீர்த்தடம்) என்று கேட்கக்கூடாது. 'குவெஸ்சன். டூ ஐ ஹேவ் பர்மிஷன் டு என்டர் த ஃபேர்வே?' என்று கேட்க வேண்டும். செய்தியின் முன்னால் அது கேள்வியா, அறிவுரையா, எச்சரிக்கையா என்று அறிவிக்கும் எட்டு அடையாளச் சொற்கள் உண்டு. காற்று இரைச்சலில் குரலின் ஏற்ற இறக்கம் கேட்காது; எனவே கேள்வி என்பதைச் சொல்லாலேயே சொல்லிவிடுகிறார்கள்.

எண்களில் 150 என்றால் 'ஒன், ஃபைவ், சீரோ'. 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் காதில் ஒன்றாக விழும் என்பதால் இப்படி. சுக்கான் கட்டளையில் மட்டும் 'ஃபிஃப்டீன்', 'ட்வென்டி' என்றே சொல்லலாம். சுக்கான் வழக்கமாக 35 பாகைக்கு மேல் திரும்பாது, ஆகவே 50 என்று மயங்க இடமில்லை. வங்கி எண்ணையோ தொகையையோ தொலைபேசியில் சொல்பவர்களும் இலக்கம் இலக்கமாகச் சொல்லிப் பழகலாம்.

ஓடுபாதை:

விமானத்துறையில் ஒரு வினைவடிவம் எவ்வளவு ஆபத்தாகலாம் என்பதற்கு எப்போதும் சொல்லப்படும் சம்பவம் டெனரீஃப். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான, டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் விமானத்திலிருந்து 'வீ ஆர் நவ் அட் டேக் ஆஃப்' என்ற பொருளில் ஒரு செய்தி போனது. 'புறப்பட ஆயத்தமாக நிற்கிறோம்' என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டது. ஆனால் விமானம் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. டச்சு மொழியின் தொடர்வினை அமைப்பு ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது என்பது மொழியியலாளர்கள் தரும் ஒரு விளக்கம். மூடுபனியும், ஒரே நேரத்தில் இருவர் பேசி வானொலி இரைந்ததும், அனுமதி வராமலே தலைமை விமானி கிளம்பியதும் சேர்ந்த விபத்து அது. மொழி மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லக்கூடாது. அதன்பின் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை அந்த அனுமதியைக் கொடுக்கும்போதும், திரும்பப் பெறும்போதும், அதைத் திருப்பிச் சொல்லும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்துவதில்லை. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'.

1996இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே நடுவானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பிறகு விமானிகளின் ஆங்கிலம் உலக அளவில் பேசுபொருளானது. இப்போதுள்ள தேர்வில் ஆறு நிலைகள். சர்வதேச வழித்தடத்துக்குக் குறைந்தது நான்காம் நிலை. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்று ஆறு கூறுகளைத் தனித்தனியே மதிப்பிட்டு, எதில் குறைவோ அதையே இறுதி நிலையாகக் கொள்கிறார்கள். ஐந்தில் ஆறாம் நிலை எடுத்து, வாக்கிய அமைப்பில் மூன்று வாங்கினால் நீங்கள் மூன்றுதான். நான்காம் நிலையில் இலக்கணப் பிழை வரலாம். ஆனால் அது பொருளைக் கெடுப்பது அரிதாக இருக்க வேண்டும். எழுவாய் சொன்ன அதே அளவுகோல்.

பராமரிப்புப் பிரிவில் இதற்கு நேரெதிர் வழி. கையேடுகள் எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. செய்முறை வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது, விளக்க வாக்கியத்தில் 25. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்: 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டுமே, விதிக்குக் கட்டுப்படுவது என்ற பொருளில் எழுதக்கூடாது. வந்திருக்கிறது, போயிருக்கிறது வகை 'ஹேஸ்', 'ஹேவ்' கூட்டுவினைகளுக்கு அனுமதியே இல்லை. சாதாரண நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம், ஏவல் இவற்றை வைத்தே ஒரு விமானத்தைப் பழுதுபார்க்கும் முழுக் கையேட்டையும் எழுதிவிடுகிறார்கள்.

பணிப்பதிவேடு:

ஓடுபாதை சாரின் கடைசி விஷயத்தைத் தொழிற்சாலைப் பதிவேட்டிலும் பார்க்கலாம். 'த வால்வ் ஹேஸ் பீன் க்ளோஸ்ட் அட் டென்' என்று எழுதுகிறார்கள். தமிழில் 'பத்து மணிக்கு மூடியிருக்கிறார்கள்' சரி. அதிலும் 'மூடியிருக்கிறார்கள்' என்பதில் 'நான் நேரில் பார்க்கவில்லை, தடயத்தை வைத்துச் சொல்கிறேன்' என்ற சாயலும் இருக்கும். ஆங்கில 'ஹேஸ்' வடிவம் அந்தச் சாயலைத் தாங்காது. குறிப்பிட்ட கடந்த நேரத்தோடும் சேராது. படிக்கிற ஜெர்மானியரோ கொரியரோ, வால்வ் இப்போது மூடியிருக்கிறதா, பத்து மணிக்கு மூடிப் பிறகு திறந்தார்களா என்று கேட்டு மறு மின்னஞ்சல் அனுப்புகிறார். இரண்டாகப் பிரித்தால் தீர்ந்தது: 'வீ க்ளோஸ்ட் த வால்வ் அட் டென். இட் இஸ் ஸ்டில் க்ளோஸ்ட்.' நேற்று, போன வாரம், மணி, தேதி என்று கடந்த நேரம் எது வந்தாலும் 'ஹேஸ்', 'ஹேவ்', 'ஹேட்' மூன்றையும் தூக்கிவிடுங்கள்.

'வெள்ளிக்குள்' என்பதற்கு 'பை ஃப்ரைடே', 'வெள்ளி வரை' என்பதற்கு 'டில் ஃப்ரைடே'. தமிழில் தெளிவாகப் பிரித்துச் சொல்பவர்களே ஆங்கிலத்தில் 'ஐ வில் சென்ட் த ரிப்போர்ட் டில் ஃப்ரைடே' என்கிறார்கள். கெடு தவறும் சண்டைகளில் இது ஒரு முக்கியக் காரணம். 03/04 என்று தேதி எழுதாதீர்கள். அமெரிக்கருக்கு அது மார்ச் 4. மாதப் பெயரை எழுதிவிடுங்கள். லட்சம், கோடி தெற்காசியாவைத் தாண்டினால் செல்லாது. 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நம்மூரில் கேள்வி. வெளியில் பலருக்கு அவர்கள் சொன்னதில் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று படும்.

தேர்வுத்தாள்:

பொருள் கெடாத பிழையை விட்டுவிடலாம் என்பதைத் தேர்வு எழுதுபவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் எழுத்துத் தாளில் நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம எடை, ஒன்று இலக்கணம். ஆறாம் பட்டைக்கு (மதிப்பெண் நிலையைப் பட்டை என்பார்கள்) பிழை இருக்கலாம், புரிதலைப் பெரிதாகக் குறைக்கக் கூடாது. ஏழாம் பட்டைக்குப் பிழையே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். 250 சொல் கட்டுரையில் ஏறக்குறைய 13, 14 வாக்கியம் வரும். ஒவ்வொன்றிலும் பெயர்ச்சொல்லுக்கு முன் வர வேண்டிய ஒரே ஒரு 'த' விடுபட்டாலும் பிழையற்ற வாக்கியம் ஒன்றுகூட மிஞ்சாது. நன்றாக எழுதும் தமிழர்கள் ஆறிலும் ஆறரையிலும் சிக்கிக்கொள்வதற்கு 'எ', 'த' இரண்டுமே பெரிய காரணம். தமிழில் இவை இல்லாததால் கற்பிக்கவும் வழி தெரியவில்லை. யாராவது நல்ல முறை வைத்திருந்தால் சொல்லுங்கள்.

எழுவாய்:

தேர்வுத்தாள் மேடம், தமிழில் அந்தச் சொற்கள் இல்லையே தவிர அந்த வேறுபாடு இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் பாதி வேலை முடியும்.

'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒன்று: 'ஐ பாட் எ புக்'. 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் இருவருக்கும் தெரிந்தது: 'ஐ பாட் த புக்'. அஃறிணைச் செயப்படுபொருளில் 'ஐ' உருபு வந்தால் பெரும்பாலும் 'த'.

எழுவாய் இடத்தில் உருபு கிடையாது, அங்கே சொல்வரிசையைப் பார்க்க வேண்டும். 'புத்தகம் மேசை மேல இருக்கு' என்பது 'த புக் இஸ் ஆன் த டேபிள்'. 'மேசை மேல புத்தகம் இருக்கு' என்பது 'தேர் இஸ் எ புக் ஆன் த டேபிள்'. பெயர் முன்னால் வந்தால் தெரிந்தது, இடம் முன்னால் வந்தால் புதியது. மாணவர் எழுதிய பத்தியை அவரையே வாய்விட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எழுதிய தமிழை விடப் பேச்சுத் தமிழில் இந்த வேறுபாடு சரியாக வந்து விழும்.

இந்த முறை உதவாத இடங்கள் மூன்று. உயர்திணைக்கு 'ஐ' உருபு எப்படியும் வரும்: 'டாக்டரைப் பார்த்தேன்' என்பதை வைத்து 'எ' யா 'த' வா என்று சொல்ல முடியாது. 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்', 'ஃபர்னிச்சர்' போன்றவை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாதவை, 'எ' சேராது, பன்மையும் ஆகாது. இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதே வழி. பொதுவாகச் சொல்லும்போது 'த' போய்ப் பன்மை வரும்: 'நாய் குரைக்கும்' என்றால் 'டாக்ஸ் பார்க்'. தேர்வுக் கட்டுரையில் பாதி வாக்கியங்கள் பொதுக்கூற்றுகள்தான், அதனால் இந்த மூன்றாவதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

ஏழாம் பட்டைக்கு நீண்ட வாக்கியங்களும் வேண்டும் என்பதால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பெயரெச்சத்தில் நாம் உறவைச் சொல்வதில்லை. வெட்டிய ஆள், வெட்டிய மரம், வெட்டிய கத்தி மூன்றுக்கும் ஒரே 'வெட்டிய'. அதனால் 'த நைஃப் விச் ஐ கட் த ரோப்' என்று எழுதி 'வித்' என்பதை விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு 'விச்', 'ஹூ' வாக்கியத்தையும் இரண்டாக உடைக்கச் சொல்லுங்கள்: 'ஐ கட் த ரோப் வித் த நைஃப்'. உடைத்ததில் முன்னிடைச்சொல் இருந்தால் சேர்த்ததிலும் இருக்க வேண்டும். 'த ஹவுஸ் விச் ஐ லிவ்' என்பதில் 'இன்' காணாமல் போனதும் இதே சோதனையில் பிடிபடும்.